ஓசூருக்குக் குடிபெயரும் குடும்பமும் வளரும் பிள்ளைகளும்

வேலைக்காக வெகுதூரம் குடிபெயரும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. அம்மா இருக்கும் இடமே அதற்கு ஊர். பிள்ளைக்கு வயது 13, 14 ஆகிவிட்டால் நிலைமை வேறு. பள்ளிக்கூடம், சேக்காளிகள், டியூஷன் வாத்தியார், சாயங்காலம் பந்து விளையாடும் பொட்டல், வருஷா வருஷம் வரும் கோயில் கொடை என்று அதற்கென ஓர் உலகம் உருவாகியிருக்கும். அதைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் அது லாரியில் ஏறுகிறது. ஊர் மாறும் தேதியைக் கம்பெனியின் ஆர்டர் தீர்மானிக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு, பிளஸ் ஒன் குரூப், மொழிப்பாடம், கல்லூரி இட ஒதுக்கீடு ஆகியவை வேறொரு நாட்காட்டியில் ஓடுகின்றன. இந்த இரண்டு நாட்காட்டிகளும் மோதிக்கொள்ளும் இடங்களை ஓசூரில் தெளிவாகப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்களால் வளர்ந்த ஊர் அது. கூப்பிடு தூரத்தில் இன்னொரு மாநிலமும் இருக்கிறது.

1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. அதற்கு முன் ஓசூர் மலைக்கோயிலும் சந்தையும் கொண்ட தாலுகா ஊர். சேலம் மாவட்டத்தில் இருந்து 1965இல் தருமபுரிக்கும், 2004இல் புதிதாகப் பிறந்த கிருஷ்ணகிரிக்கும் போனது. 1980இல் அசோக் லேலண்ட் தொழிற்சாலையும் டிவிஎஸ் மொபெட்டும் வந்தன. சில ஆண்டுகளில் டைட்டன் கைக்கடிகாரம் வந்தது. டைட்டன் தொடக்கத்தில் வேலைக்கு எடுத்தவர்களில் பலர் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த கிராமத்துப் பிள்ளைகள். அன்று 18 வயதுப் பிள்ளை வேலை தேடித் தனியாக ஓசூருக்கு வந்தது. இன்று 14 வயதுப் பிள்ளை அப்பா அம்மாவின் வேலைக்காக ஓசூருக்கு வருகிறது. 2021ஐ ஒட்டி ஏதர் மின் ஸ்கூட்டரும், போச்சம்பள்ளியில் ஓலாவும், செல்போன் பாகங்கள் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்துகொண்டன. 2001 மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 84 ஆயிரம் பேர் இருந்த நகராட்சி, 2011 கணக்கில் ஒரு லட்சத்து 16 ஆயிரத்தைத் தாண்டியது. 2019இல் மாநகராட்சி ஆனது.

இங்கே வருகிறவர்கள் ஒரே வகையினர் அல்லர். திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரை, விருதுநகர் பக்கத்தில் இருந்து வரும் டிப்ளமோக்காரர்களும் ஐடிஐ படித்தவர்களும் ஒரு சாரார். பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்துக்கொண்டு, வாடகை குறைவு என்பதாலும் பிள்ளைகள் தமிழ்நாட்டிலேயே படிக்கட்டும் என்பதாலும் ஓசூரில் வீடு பிடிப்பவர்கள் இன்னொரு சாரார். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களில் இருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் தனியாட்கள் என்றாலும், குடும்பத்தோடு வருகிறவர்களும் பெருகி வருகிறார்கள். மூன்று வகையினருக்கும் பிள்ளையின் படிப்புதான் முதல் கேள்வி. ஆனால் விடை ஒவ்வொருவருக்கும் வேறு.

எந்த வயதில் ஊர் மாறினால் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதை உலக அளவில் சிலர் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து பெருநகரங்களில் ஏழைக் குடும்பங்கள் சிலவற்றுக்கு, வசதியான பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி தரப்பட்டது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு, ராஜ் செட்டி உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் கணக்கெடுத்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். 13 வயதுக்கு முன் குடிபோன பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிட 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். 13 வயதுக்கு மேல் போனவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. சற்றே பின்னடைவுகூடத் தெரிந்தது. நல்ல இடத்துக்கே போனாலும், பழைய உறவுகள் அறுபடுவதால் வரும் நஷ்டத்தை ஈடுகட்டப் பெரிய பிள்ளைகளுக்குக் காலம் போதவில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம்.

டென்மார்க்கில் 1982 முதல் 2003 வரை பிறந்த சுமார் 11 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் வந்தது. 10 முதல் 15 வயதுக்குள் ஒருமுறை வீடு மாறியவர்களுக்குப் பெரியவர்களான பின் மனச்சோர்வு நோய் கண்டறியப்படும் வாய்ப்பு, மாறாதவர்களைவிட 41 சதவீதம் அதிகம் என்றும், ஒருமுறைக்கு மேல் மாறியவர்களுக்கு சுமார் 61 சதவீதம் அதிகம் என்றும் அது கண்டது. இந்த எண்களைக் கண்டு பெற்றோர் மிரள வேண்டியதில்லை. மாறிய பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு எந்த நோயும் வரவில்லை. டென்மார்க்கின் குடும்பமும் நம் குடும்பமும் ஒன்றல்ல. ஆனாலும் அடிக்கடி மாறுவது கெடுதல், பத்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட வயதில் மாறுவது கூடுதல் கவனம் கேட்கும் காரியம் என்ற இரண்டும் எந்த ஊருக்கும் பொருந்தும். ஓசூரில் இதற்கு நேரான பொருள் ஒன்று உண்டு. வாடகை 500 ரூபாய் குறைகிறது என்று ஆண்டுக்கொரு வீடு, வீட்டுக்கொரு பள்ளி என மாறும் பழக்கத்தைப் பெரிய பிள்ளை இருக்கும் குடும்பம் விட்டுவிடுவதே நல்லது. வீடு மாறினாலும் பள்ளி மாறாமல் பார்த்துக்கொள்வது பாதி வெற்றி.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குள்ளேயே மாறுகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. திருநெல்வேலியில் படித்த அதே பாடப்புத்தகம்தான் ஓசூரிலும். 2011க்கு முன் மெட்ரிக், மாநில வாரியம், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று பத்தாம் வகுப்பு வரை நான்கு வகைப் பாடத்திட்டங்கள் இருந்தன. ஊர் மாறும் பிள்ளை சில நேரம் பாடத்திட்டமும் மாற வேண்டியிருந்தது. சமச்சீர் கல்வி அந்தத் தொல்லையைத் தீர்த்தது. எட்டாம் வகுப்பு வரை மாநிலத்தில் ஆல் பாஸ் என்பதால் தேர்ச்சி குறித்த பயமும் இல்லை. ஆகவே எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை வரைக்கும் எப்போது மாறினாலும் படிப்பில் ஓட்டை விழாது.

அதற்குப் பிறகு நாள் பார்த்துத்தான் மாற வேண்டும். ஒன்பதாம் வகுப்பின் தொடக்கம் சரி. பத்தாம் வகுப்பின் நடுவில் மாறுவது கூடவே கூடாது என்று சொல்லலாம். அரையாண்டுத் தேர்வை ஒட்டிப் பொதுத்தேர்வு எழுதுவோரின் பெயர்ப் பட்டியல் தயாராகிவிடும்; அதன்பின் பள்ளி மாறுவது அலைச்சலில் முடியும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் மே மாதம்தான் ஆகச் சிறந்த வாசல். பழைய பள்ளியில் எப்படியும் ஒரு கட்டம் முடிகிறது. பிளஸ் ஒன்னில் எல்லாப் பிள்ளைகளுமே புது வகுப்பு, புதுக் குரூப் என்று சேருகிறார்கள். வெளியூர்ப் பிள்ளை மட்டும் தனித்துத் தெரியாது. அந்த வாசலைத் தவறவிட்டால் அடுத்தது பிளஸ் டூ முடிந்த பின்தான். பிளஸ் ஒன்னுக்கும் பிளஸ் டூவுக்கும் இடையில் மாறினால், படித்த குரூப் புதிய பள்ளியில் இருக்க வேண்டும். கணினி அறிவியல் எடுத்த பிள்ளைக்கு, பக்கத்துப் பள்ளியில் உயிரியல் பிரிவில் மட்டும்தான் இடம் இருக்கிறது என்றால் வழியே இல்லை.

சிபிஎஸ்இ பள்ளிகளில் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். ஒன்பதிலும் பதினொன்றிலும் வாரியத்தில் பெயர் பதிவாகிறது. பத்திலும் பன்னிரண்டிலும் நேரடியாகச் சேர வேண்டுமானால் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். பெற்றோரின் பணிமாற்றம் அதற்கு ஏற்கப்படும் காரணங்களில் ஒன்று என்பதால், கம்பெனி ஆர்டரின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். சிபிஎஸ்இ பள்ளி ஏப்ரலிலேயே வகுப்பைத் தொடங்கிவிடும், மாநிலப் பள்ளி ஜூனில்தான் திறக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

அப்பாவுக்கு அக்டோபரில் வேலை கிடைத்துவிட்டால் என்ன செய்வது? தென் மாவட்டக் குடும்பங்கள் பல காலமாகக் கடைப்பிடிக்கும் வழி எளிமையானது, நல்லதும்கூட. அப்பா முதலில் வந்து சக ஊழியர்களோடு ரூம் எடுத்துத் தங்குகிறார். முழுப்பரீட்சை முடிந்த பின் குடும்பம் வருகிறது. இடையில் உள்ள மாதங்களில் அவர் வீடு பார்க்கலாம், பள்ளி விசாரிக்கலாம், எந்தத் தெருவில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். தூத்துக்குடி - மைசூரு எக்ஸ்பிரஸ் ஓசூரில் நிற்பதாலும், பெங்களூருவில் இருந்து தெற்கே போகும் பேருந்துகள் ஓசூர் வழியாகவே செல்வதாலும் இரவுப் பயணமாக ஊருக்குப் போய்வர முடிகிறது. இரண்டு இடத்துக்குச் செலவு என்பது உண்மைதான். ஆனால் ஆறேழு மாத ரூம் வாடகையை, ஒரு பொதுத்தேர்வு கெட்டுப்போவதோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை அல்ல.

பள்ளி மாறும் நாளில் மேசையில் எடுத்து வைக்க வேண்டிய தாள்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதித் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. முதலாவது டிசி. அதில் உள்ள பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பழைய பள்ளியின் வாசலிலேயே நின்று சரிபார்ப்பது நல்லது. டிசியில் ஒற்றை இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பிறப்புச் சான்றிதழில் பெயரின் எழுத்துக்கூட்டு வேறு என்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பின் அதைத் திருத்த ஒரு நாள் சம்பளமும் இரண்டு இரவுப் பயணமும் போய்விடும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறும் பெயர்தான் வாழ்நாள் முழுக்க வரும் என்பதால், அதற்கு முன் திருத்திவிட வேண்டும். அடுத்தது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸ். பழைய பள்ளி பிள்ளையை எமிஸ் தளத்தின் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் ஏற்ற முடியும். டிசி கையில் இருந்தும் எமிஸில் விடுவிக்காததால் இழுபறி ஆவதுண்டு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவையும் வேண்டும். எட்டாம் வகுப்பு வரை டிசி தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணில் சேர்க்கைத் தகராறுகளைச் சொல்லலாம்.

வந்த அவசரத்தில் பெற்றோர் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று இருக்கிறது, அதன் விலை பெரிது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரியில் சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் இதே ஆறு முதல் பன்னிரண்டு என்ற கணக்கில்தான் நடக்கின்றன. இவ்விரண்டிலும் அரசு உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவர்களும் சேர்ந்துவிட்டார்கள். அரசுப் பள்ளியில் இருந்து அரசுப் பள்ளிக்கு மாறினால், திருநெல்வேலி ஆனாலும் ஓசூர் ஆனாலும் தொடர்ச்சி அறுபடாது. “இந்த ஒரு வருஷம் மட்டும் பக்கத்தில் இருக்கும் தனியார் பள்ளியில் போடுவோம், அப்புறம் பார்த்துக்கலாம்” என்று ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிட்டால், 7.5 சதவீதம் அங்கேயே போய்விடுகிறது. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீடும் அப்படித்தான். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பில் இருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். நகரத்துக்கு வந்தாயிற்று, இனி ஆங்கிலவழி என்று எடுக்கும் முடிவு தவறென்று சொல்ல முடியாது. ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

எல்லையைத் தாண்டினால் விளைவு இன்னும் பெரிது. ஓசூரின் ஜூஜூவாடியைக் கடந்தால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. அப்பாவின் அலுவலகம் அந்தப் பக்கம், நல்ல பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம் என்று பிள்ளையை அங்கே சேர்க்கும் குடும்பங்கள் உண்டு. சில கிலோமீட்டர்தான் என்றாலும் பாடத்திட்டமும் தேர்வும் சட்டமும் வேறு. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடம், 500 மதிப்பெண். கர்நாடக எஸ்எஸ்எல்சியில் மூன்று மொழிகளோடு ஆறு பாடம், 625 மதிப்பெண். 2015ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டப்படி, 2017-18 முதல் கன்னடம் படிப்படியாக எல்லாப் பள்ளிகளிலும் முதல் அல்லது இரண்டாம் மொழியானது. எட்டாம் வகுப்பு வரை தமிழும் ஆங்கிலமும் மட்டும் படித்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் அங்கே போய் உட்கார்ந்தால், கன்னட எழுத்தைப் புதிதாகக் கற்க வேண்டும். பல பள்ளிகளில் இந்தியும் கூடச் சேரும். ஆறு வயதில் அது விளையாட்டு. பதினாலு வயதில், இரண்டே ஆண்டில் பொதுத்தேர்வு என்னும்போது, கெட்டிக்காரப் பிள்ளையும் திணறும்.

கல்லூரிச் சேர்க்கையிலும் இந்த எல்லைக்கோடு தெரியும். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு 6 முதல் 12 வரையும், பொறியியலுக்கு 8 முதல் 12 வரையும் மாநிலத்துக்குள் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளையிடம் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பதில்லை. இடையில் ஓராண்டு வெளியே படித்திருந்தாலும் கேட்பார்கள். தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பம் அதை இ-சேவை மையம் வழியே வாங்கிவிடலாம். வேறு மாநிலத்தைச் சேர்ந்த குடும்பத்தின் பிள்ளை இங்கேயே அத்தனை ஆண்டும் படித்திருந்தாலும் பொதுப் பிரிவில்தான் போட்டியிட முடியும். கர்நாடகத்தின் பொது நுழைவுத் தேர்வு வழியே அரசு இடம் பெற, பொதுவாக ஏழு ஆண்டுகளாவது அந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட எல்லைப்பகுதி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஒன்பதாம் வகுப்பில் எல்லை தாண்டிய தமிழ்ப் பிள்ளைக்கு இந்த ஏழாண்டுக் கணக்கு நிறைவதே இல்லை. பட்டியல் சாதி, பழங்குடிச் சலுகையும் மாநிலம் விட்டு மாநிலம் கூடவே வராது என்பதை உச்ச நீதிமன்றம் 1990இலேயே தெளிவுபடுத்திவிட்டது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஓசூரில் வீடு, பெங்களூருவில் வேலை என்று இருக்கும் குடும்பங்கள் பலவற்றில் பெற்றோர் தினமும் எல்லை தாண்டிப் போய்வந்து பிள்ளையை மட்டும் ஓசூரிலேயே படிக்க வைப்பதில் இருக்கும் நியாயம் இதுதான். இந்த விதிகளில் சில ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றன என்பதால், அந்தந்த ஆண்டின் விண்ணப்பக் கையேட்டைப் பார்ப்பது அவசியம்.

மற்ற மாநிலங்களில் இருந்து வரும் பிள்ளைக்கு இதே மொழிச் சிக்கல் திருப்பிப் போட்டாற்போல வருகிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். அந்தச் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறியதால், முதல் வகுப்பிலேயே இங்கே சேரும் பிள்ளைக்குச் சிரமம் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் வந்து சேரும் ஒடியா பேசும் பிள்ளையால் பத்தாம் வகுப்புத் தமிழ்த்தாளை எழுதுவது எளிதல்ல. இடையில் வந்து சேர்ந்த வெளிமாநில மாணவர்களுக்கு விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு. சேர்ந்த உடனே தலைமை ஆசிரியரிடம் கேட்டால்தான் காரியம் நடக்கும். விலக்குக் கிடைத்தாலும் பேச்சுத் தமிழைக் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும். கணக்கு வாத்தியார் தமிழில்தான் விளக்குவார், இடைவேளையில் பிள்ளைகள் தமிழில்தான் சிரிப்பார்கள்.

தெற்கில் இருந்து வரும் தமிழ்ப் பிள்ளையின் காதுக்கும் ஓசூர் புதிது. காய்கறிக் கடையில் தெலுங்கு, அத்திப்பள்ளி பேருந்தில் கன்னடம், மசூதித் தெருவில் உருது, கம்பெனி வாசலில் இந்தி, வகுப்பில் தமிழ். 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது சென்னை மாநிலத்தோடு நின்ற இந்தப் பகுதியில், வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. வகுப்பில் நெல்லை வழக்கில் “ஏலே” என்று கூப்பிட்ட பிள்ளையை மற்றவர்கள் ஒரு வாரம் கேலி செய்வார்கள். அந்தப் பிள்ளை ஒரு மாதம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். பெரியவர்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். அந்த வயதில் அது அற்பமே அல்ல. “நம்ம பேச்சுக்கு என்ன குறைச்சல்” என்று வீட்டில் ஒருவர் எடுத்துச் சொன்னால் போதும், பிள்ளை நிமிர்ந்துகொள்ளும். சில மாதங்களில் அதுவே தெலுங்கில் எண்ணவும் கன்னடத்தில் டிக்கெட் கேட்கவும் பழகிவிடும். ஓசூரில் வளரும் பிள்ளைக்குக் கிடைக்கும் இந்த வரவைப் பெற்றோர் குறைத்து மதிப்பிடக் கூடாது.

வீட்டுக்குள் வருவோம். ஊரில் தாத்தா பாட்டி, சித்தி, மாமா என்று ஆள் இருந்த வீடு. இங்கே இரண்டு அறை கொண்ட வாடகைப் போர்ஷன். அப்பாவுக்கு ஷிப்ட் வாரம் மாறுகிறது. காலை ஷிப்ட் என்றால் இருட்டோடு எழுந்து கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறார். நைட் ஷிப்ட் என்றால் பகல் முழுக்கத் தூங்குகிறார். அந்த வாரம் வீட்டில் டிவி இல்லை, மிக்சி இல்லை, சத்தமாகப் படிப்பது இல்லை. சனிக்கிழமை பத்தாம் வகுப்புப் பிள்ளை புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும். அம்மாவும் வேலைக்குப் போனால், சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போவது அந்தப் பிள்ளைதான். எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று காலண்டரில் குறித்து, பிள்ளையோடு உட்கார்ந்து பேசும் நேரத்தையும் அதற்கேற்பத் திட்டமிடும் குடும்பங்களில் பிள்ளைகள் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள். வாரத்தில் ஒரு வேளையாவது எல்லோரும் சேர்ந்து சாப்பிட முடியுமானால், அந்த வேளையை எதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பெண்பிள்ளைகளின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். ஊரில் தெருவே சொந்தமாக இருந்ததால் கடைக்கும் கோயிலுக்கும் தோழி வீட்டுக்கும் போய்வந்த பெண், இங்கே “தெரியாத ஊர்” என்ற ஒரே காரணத்தால் பள்ளி விட்டால் வீடு என்று அடைபடுகிறாள். அவளுடைய அண்ணனோ தம்பியோ வந்த மாதமே சைக்கிளில் ஊரைச் சுற்றிவிடுகிறான். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வகையான ஊர் மாற்றம் நடக்கிறது. பள்ளி விளையாட்டு அணி, நூலகம், தையலோ தட்டச்சோ கணினியோ கற்றுத்தரும் இடம் என்று அவள் தானாகப் போய்வர ஓரிடமாவது அமைத்துக்கொடுத்தால் அந்தப் பெண் மூச்சுவிடுவாள். இது சலுகை அல்ல, ஊர் மாற்றத்தில் அவளுக்குச் சேர வேண்டிய பங்கு.

கைபேசி இந்த விஷயத்தில் உதவியும் செய்கிறது, தொல்லையும் தருகிறது. பழைய வகுப்பின் வாட்ஸ்அப் குழு இருப்பதால் நட்பு அறுந்துபோவதில்லை. முதல் சில மாதங்களுக்கு அது பெரிய ஆறுதல், பிடுங்கக் கூடாது. ஆறு மாதம் கழித்தும் பிள்ளை இரவெல்லாம் பழைய ஊரோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், புதிய இடத்தில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். திட்டுவதைவிட, வகுப்பாசிரியரைப் பார்த்துப் பிள்ளை யாரோடு உட்காருகிறது, யாரோடு சாப்பிடுகிறது என்று விசாரிப்பது பயன் தரும். பொங்கலுக்கும் கோடைக்கும் ஊருக்குப் போகும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. ரயிலில் 60 நாளைக்கு முன்பே முன்பதிவு தொடங்குகிறது. டிக்கெட் கையில் இருக்கிறது என்பதே பிள்ளையின் மனத்தை லேசாக்கும்.

இத்தனைக்கும் முன்னால் நடக்க வேண்டியது, பிள்ளையிடம் சொல்வது. வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்த பிறகு, லாரிக்குச் சொன்ன பிறகு, கடைசியாகப் பிள்ளைக்குத் தெரிவிக்கும் பழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. போவதா வேண்டாமா என்ற முடிவைப் பெரியவர்கள் எடுக்கலாம். எந்தப் பள்ளி, எந்தக் குரூப், எந்தத் தெரு, எந்தப் பொருள்களை எடுத்துப் போவது என்பதில் பிள்ளைக்கும் பேச்சு இருக்க வேண்டும். முடிந்தால் குடிபோகும் முன் ஒருமுறை கூட்டிவந்து காட்டலாம். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருப்பதால், ஏப்ரலில்கூடச் சாயங்காலம் காற்று குளிர்ந்து வரும். சந்திரசூடேஸ்வரர் மலையில் ஏறி நின்றால் ஊர் முழுவதும் தெரியும். நெல்லைச் சீமையின் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு அது நல்ல அறிமுகம்.

பிளஸ் டூ பிள்ளையை மட்டும் தாத்தா பாட்டியிடமோ விடுதியிலோ விட்டுவிட்டு வரலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. ஓராண்டுதான் என்றால், பிள்ளை முழுமனத்தோடு சம்மதித்தால், வரலாம். முதியவர்களின் உடல்நிலை தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு அப்படி விடுவது வேறு கதை. அப்போது குடும்பமே இரண்டாகிவிடுகிறது.

மாறிய பின் சில மாதம் சோர்வும் எரிச்சலும் இருப்பது இயல்பு. தூக்கம் கெடுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, பள்ளிக்குப் போக மறுத்து அடிக்கடி வயிற்றுவலி தலைவலி என்று சொல்வது, யாரோடும் பேசாமல் இருப்பது ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெலிமானஸ் எனப்படும் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். பிள்ளை தானாகவே அழைத்துப் பேசலாம்.

ஏழைத் தொழிலாளர் குடும்பங்களில் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. புதிய ஊரில் பள்ளி ஒட்டாத 15 வயதுப் பிள்ளைக்கு வேலை எளிதாகக் கிடைக்கிறது. பட்டறை, ஹோட்டல், கட்டட வேலை, கல்குவாரி என்று கூப்பிட ஆள் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் ஈடுபடுத்துவதையும், 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதையும் 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது. பெண்பிள்ளை படிப்பை நிறுத்தினால் அடுத்த பேச்சு கல்யாணமாகிவிடுவதும் இந்த மாவட்டம் அறிந்த சோகம். இரண்டுக்கும் 1098 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். வெளிமாநிலக் குடும்பங்களுக்கு ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இங்கேயே அரிசி கிடைக்கிறது. தமிழ்நாடு அத்திட்டத்தில் 2020 அக்டோபரில் இணைந்தது. வயிற்றுப்பாடு கொஞ்சம் தணிந்தால் பிள்ளை பள்ளியில் நிற்கும் வாய்ப்பு கூடுகிறது.

பிளஸ் டூ முடித்த பின் படிப்புக்காக மறுபடி ஊர் மாற வேண்டிய கட்டாயம் இப்போது குறைந்திருக்கிறது. பர்கூரில் 1994 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஓசூரில் அதியமான் உள்ளிட்ட தனியார் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கிருஷ்ணகிரியில் அரசு கலைக் கல்லூரியும், 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. பத்தாம் வகுப்போடு தொழில் கற்க விரும்பும் பிள்ளைக்கு ஐடிஐயும் பாலிடெக்னிக்கும் உண்டு. கம்பெனிகளின் அப்ரண்டிஸ் பயிற்சிக்கும் அங்கே படித்தவர்களில் இருந்து ஆள் எடுக்கிறார்கள்.